எழுதாத கடிதமும் இல்லாத எஜமானரும்: 1924 பிரிட்டன் தேர்தலில் நடந்தது என்ன?

1924 பிரிட்டன் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, மாஸ்கோவிலிருந்து பிரிட்டன் கம்யூனிஸ்டுகளுக்குப் போன புரட்சிக் கட்டளை என்று பத்திரிகைகளில் வந்த போலிதான் ஸினோவியேவ் கடிதம். அதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் துப்பறியும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். போலியைத் தயாரித்தது யார், கசியவிட்டது யார், நடுவில் யாருக்குப் பணம் போனது என்று தேடிக்கொண்டே போகிறார்கள். ஆர்வமூட்டும் கேள்விகள்தான். ஆனால் நூறு ஆண்டு ஆகியும் முழுசாக விடை கிடைக்காதவை. அதே விவகாரத்தில் மர்மமே இல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. அன்றைய பத்திரிகைத் தலைப்பையும் கடிதத்தின் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே அது தெரிந்துவிடும். ஒரு வெளிநாட்டு அதிகாரி சொன்னதாக வந்த வாசகத்தை எடுத்து, அந்த வாசகத்திலேயே இல்லாத பொருளை அதற்குக் கொடுத்து, உள்நாட்டுக் கட்சி ஒன்றின் தலையில் கட்டிய வேலை அது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காகிதம் போலியாக இல்லாமல் அசலாகவே இருந்திருந்தாலும் அந்தத் தலைப்பு பொய்தான்.

பின்னணி

1923 டிசம்பர் தேர்தலில் பிரிட்டனில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 258 இடங்கள், லேபர் கட்சிக்கு 191, லிபரல்களுக்கு 158. லிபரல் ஆதரவோடு 1924 ஜனவரி 22 அன்று ராம்சே மெக்டொனால்ட் பிரதமரானார். நாட்டின் வரலாற்றில் முதல் லேபர் அரசு அது. பிரதமர் பதவியோடு வெளியுறவுத் துறையையும் அவரே வைத்துக்கொண்டார். இந்த ஒரு முடிவு பின்னால் அவர் கழுத்தைச் சுற்றியது.

பதவிக்கு வந்த சில நாள்களிலேயே, பிப்ரவரி 1 அன்று, சோவியத் அரசை பிரிட்டன் அங்கீகரித்தது. ஆகஸ்டில் இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. வணிகம் ஒன்று. இன்னொன்று, ஜார் காலத்துக் கடன் பத்திரங்களை வைத்திருந்த பிரிட்டிஷ்காரர்களோடு ரஷ்யா ஒரு தீர்வுக்கு வந்தால், அதன் பிறகு ரஷ்யா வாங்கும் கடனுக்கு உத்தரவாதம் தரும்படி அரசு நாடாளுமன்றத்தைக் கேட்கும் என்பது. எத்தனை நிபந்தனைகள் என்று பாருங்கள். தெருவில் அது ‘நம் பணத்தைத் தூக்கி ரஷ்யாக்காரனுக்குக் கொடுக்கிறார்கள்’ என்று சுருங்கிவிட்டது. லிபரல்களே அதை எதிர்க்கத் தொடங்கினார்கள்.

அதற்குள் கேம்பல் வழக்கு வந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் வார இதழான ‘வொர்க்கர்ஸ் வீக்லி’, வேலைநிறுத்தத்திலும் போரிலும் தொழிலாளிகள் மேல் சுடக்கூடாது என்று படைவீரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டது. பொறுப்பாசிரியர் ஜே. ஆர். கேம்பல் மீது, கலகத்தைத் தூண்டுவதற்கு எதிரான 1797-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். ஆகஸ்ட் 13 அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கட்சி நெருக்கியதால்தான் வழக்கை விட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. அக்டோபர் 8 அன்று அவையில் 364-க்கு 198 என்று அரசு தோற்றது. மறுநாள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. வாக்குப்பதிவு அக்டோபர் 29, புதன்கிழமை. இரண்டு ஆண்டுக்குள் மூன்றாவது பொதுத் தேர்தல்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு தேவைப்படும். அதே அக்டோபரில் நடந்த லேபர் கட்சி மாநாடு, கம்யூனிஸ்ட் கட்சியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள முடியாது என்று மறுபடியும் முடிவெடுத்தது; கம்யூனிஸ்டுகள் லேபர் வேட்பாளராக நிற்கவும் தடை போட்டது. ஒருவரை ஒருவர் நம்பாத, தொழிலாளர் வாக்குக்காக ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்த இரண்டு கட்சிகள் இவை.

கடிதத்தில் இருந்தது

தேதி 1924 செப்டம்பர் 15, மாஸ்கோ. அனுப்பியதாக இருந்தவர் கிரிகோரி ஸினோவியேவ், கொமின்டர்ன் எனப்பட்ட கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர். பெறுநர்: பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு. லேபர் கட்சிக்கோ, அதன் அமைச்சர்கள் யாருக்குமோ எழுதியது கிடையாது.

நாடாளுமன்றத்தில் ஒப்பந்தம் நிறைவேறத் தொழிலாளர்களைத் திரட்டுங்கள் என்கிறது கடிதம். இரு நாட்டு உறவு சீரானால் அது பிரிட்டன் தொழிலாளர்களைப் புரட்சிப் பாதைக்குத் திருப்ப உதவும் என்கிறது. ராணுவத்துக்குள் ரகசியக் குழுக்கள் அமையுங்கள், குறிப்பாகப் பெரிய நகரங்களில் இருக்கும் படைப்பிரிவுகளிலும் ஆயுதக் கிடங்குகளிலும் அமையுங்கள் என்கிறது. கட்சியின் ராணுவப் பிரிவில் நிபுணர்கள் போதவில்லை, நாளைய பிரிட்டிஷ் செம்படைக்குத் தலைமை தாங்கப் போகிறவர்களை இப்போதே தேடுங்கள் என்கிறது. படிக்கிற சாதாரண வாக்காளருக்குக் குலை நடுங்கும் சரக்கு, சந்தேகமே இல்லை.

ஆனால் அதே கடிதத்தில் வேறொரு பகுதியும் உண்டு. லேபர் கட்சியின் வெளியுறவுக் கொள்கை கர்சன் அரசுக் கொள்கையின் மட்டமான நகல் என்று அது சொல்கிறது. மெக்டொனால்டின் வெளியுறவுக் கொள்கையை அம்பலப்படுத்தும் பிரசாரத்தை நடத்துங்கள் என்று கட்டளையிடுகிறது. கர்சன் பிரபு முந்தைய கன்சர்வேட்டிவ் அரசின் வெளியுறவு அமைச்சர், சோவியத் அரசுக்கு 1923-ல் எச்சரிக்கை ஓலை விடுத்தவர். அவருடைய மட்டமான நகல் என்று மெக்டொனால்டை ஏசும் ஒரு கடிதத்தை, மெக்டொனால்டின் எஜமானர் அவருக்கு விட்ட உத்தரவு என்று எப்படிக் காட்ட முடியும்? காட்டினார்கள்.

காகிதம் நடந்த வழி

பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பு லாட்வியாவின் ரீகா நகரில் ஓர் அலுவலகம் வைத்திருந்தது. கடிதம் அங்கிருந்துதான் வந்தது. அக்டோபர் 9 அன்று லண்டன் தலைமையகத்தில் கைக்குக் கிடைத்து, அடுத்த நாளே வெளியுறவு அலுவலகத்துக்கும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்புக்கும் காவல்துறைத் தலைமையகத்துக்கும் படைத்துறைகளுக்கும் பிரதிகள் போயின. வந்து சேர்ந்தது ஆங்கில வாசகம். கையெழுத்திட்ட மூலப் பிரதி என்ற ஒன்றை அன்றிலிருந்து இன்றுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

வெளியுறவு அலுவலகத்தின் நிரந்தரச் செயலாளர் சர் அயர் க்ரோ. பெர்லின் விவகாரமானாலும் மாஸ்கோ விவகாரமானாலும் விட்டுக்கொடுக்காத அதிகாரி. நேர்மையானவர் என்று அரசியல் எதிரிகளும் ஒப்புக்கொண்டவர். கடிதம் உண்மையானதுதானா என்று உளவு அமைப்பைக் கேட்டார். கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருக்கும் நம் ஆள் மூலம் உறுதியாகிவிட்டது, இந்தக் கடிதத்தைப் பற்றிக் கட்சிக் குழு கூடிப் பேசியிருக்கிறது என்று பதில் வந்தது. க்ரோ நம்பினார். அந்த ஆள் கொடுத்த முதல் அறிக்கையில் அப்படி ஒரு கடிதத்தைப் பற்றிய பேச்சே இல்லை என்பதும், உளவு அமைப்பின் டெஸ்மண்ட் மோர்ட்டன் அவரைச் சந்தித்த பிறகுதான் அது சேர்ந்தது என்பதும் பல காலம் கழித்து வெளிவந்தது.

தேர்தல் பயணத்தில் இருந்த மெக்டொனால்ட் அக்டோபர் 16 அன்று மான்செஸ்டரில் கடிதத்தைப் பார்த்தார். முதலில் இது உண்மையா என்று தீர விசாரியுங்கள், உண்மையென்றால் சோவியத் தூதருக்குக் கடுமையான கண்டனம் அனுப்ப வேண்டும், வரைவு தயார் செய்யுங்கள் என்று எழுதி அனுப்பினார். வரைவு அவரைத் தேடி வேல்ஸில் இருக்கும் அவருடைய தொகுதியான அபரவோனுக்குப் போனது. அவர் அதை வெகுவாகத் திருத்தி, சுருக்கொப்பம் இடாமல் திருப்பி அனுப்பினார். சுருக்கொப்பம் இல்லையென்றால் இறுதியாகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்று அவர் மனதில். இவ்வளவு கவனமாகத் திருத்தியிருக்கிறார் என்றால் ஒப்புதல்தான் என்று க்ரோ மனதில். இருவருமே மனசறிந்து தப்பு செய்யவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வெளியுறவு அமைச்சர் என்று தனியாக ஒருவர் லண்டனில் உட்கார்ந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இந்த நேரத்தில்தான் டெய்லி மெயில் பத்திரிகையின் கையில் ஒரு பிரதி இருக்கிறது, மறுநாள் போடப் போகிறார்கள் என்று க்ரோவுக்குத் தெரிந்தது. அரசு மூடி மறைத்தது என்ற பழி பிரதமர் மேல் விழக்கூடாது என்று நினைத்த அவர், அக்டோபர் 24 மாலை கடிதத்தையும் கண்டன ஓலையையும் சேர்த்தே பத்திரிகைகளுக்கு வெளியிட்டார். காப்பாற்ற நினைத்துச் செய்ததுதான் மெக்டொனால்டை மொத்தமாக மூழ்கடித்தது. வெளியுறவு அலுவலகமே கண்டித்துவிட்டது. அப்புறம் கடிதம் உண்மையா என்று கேட்க என்ன இருக்கிறது?

தலைப்பு கட்டிய விதம்

டெய்லி மெயிலின் ஆசிரியர் தாமஸ் மார்லோ, கடிதம் தன் கைக்கு வந்த கதையை 1928-ல் தானே பொதுவில் சொன்னார். அக்டோபர் 23 காலை அலுவலகத்துக்கு வந்தபோது மேசையில் ஒரு தொலைபேசிச் செய்தி எழுதி வைத்திருந்ததாம். பழைய, நம்பகமான நண்பர் ஒருவரிடமிருந்து. லண்டனில் ஓர் ஆவணம் இருக்கிறது, அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். போல்ஷெவிக்குகளுக்கும் (ரஷ்யாவை ஆண்ட கம்யூனிஸ்டுகள்) பிரிட்டிஷ் லேபர் கட்சிக்கும் உள்ள உறவை அது காட்டுகிறது. பிரதமருக்கு எல்லாம் தெரியும், வெளிவராமல் பார்த்துக்கொள்கிறார். செய்தியின் சாரம் இதுதான்.

இந்தச் செய்தியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆவணம் இன்னும் ஆசிரியர் கைக்கு வரவில்லை. ஆனால் அதற்கு என்ன பொருள் என்பது முடிவாகிவிட்டது. போல்ஷெவிக்குகளுக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் உள்ள உறவு என்று சொல்லியிருந்தால் அது செய்தியே ஆகாது, ஊரறிந்த விஷயம். லேபர் கட்சி என்று மாற்றிய இடத்தில்தான் அது தேர்தல் ஆயுதம் ஆகிறது. கூடவே பிரதமர் மறைக்கிறார் என்ற இரண்டாவது குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு நாள் கழித்துப் பெரிய எழுத்தில் அச்சேறின. ஆவணத்தை வாங்கிப் படித்த பிறகு பத்திரிகை தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

25-ஆம் தேதி, சனிக்கிழமை. ‘சோஷலிஸ்டுகளின் எஜமானர்கள் தீட்டிய உள்நாட்டுப் போர்ச் சதி’ என்பது தலைப்பு. கீழே ‘நம் சிவப்பர்களுக்கு மாஸ்கோவின் உத்தரவு’. அதற்கும் கீழே, இவர்களுக்குத்தான் திரு. மெக்டொனால்ட் நம் பணத்தைக் கடன் கொடுக்கப் பார்க்கிறார் என்று ஒரு வரி.

‘சோஷலிஸ்டுகள்’ என்று அன்றைய கன்சர்வேட்டிவ் பத்திரிகைகள் சொன்னால் அது லேபர் கட்சியைத்தான் குறிக்கும். வாசகர் யாருக்கும் அதில் குழப்பம் இருந்திருக்காது. ஆக, கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்த கடிதத்தின் பெறுநரை ஒரே சொல்லில் மாற்றிவிட்டார்கள். அனுப்புநரின் நிலையையும் மாற்றினார்கள். வெளியே இருந்துகொண்டு லேபர் அரசை இகழ்ந்து, அதை அம்பலப்படுத்தச் சொன்னவராகக் கடிதம் காட்டும் மனிதர், தலைப்பில் அந்த அரசின் எஜமானர் ஆகிவிட்டார். ‘நம் சிவப்பர்கள்’ என்ற சொல், ஆளுங்கட்சியையும் அதை எதிர்த்து நின்ற சின்னஞ்சிறு கம்யூனிஸ்ட் கட்சியையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

கடிதத்தின் முழு வாசகமும் பத்திரிகைகளில் வந்தது. கர்சனின் மட்டமான நகல் என்ற வரியும், மெக்டொனால்டை அம்பலப்படுத்துங்கள் என்ற வரியும் அதில் இருந்தன. தலைப்பைப் பொய்யாக்கும் சான்று தலைப்புக்குக் கீழேயே அச்சாகியிருந்தது. அதைப் படித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நீளமான ரஷ்யப் புரட்சி நடையில் இருந்த ஒரு கடிதத்தைக் கடைசி வரி வரை படித்து, தலைப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? பத்திரிகையாசிரியருக்கு இது நன்றாகவே தெரியும். முழு வாசகத்தையும்தான் போட்டோமே என்று ஒரு பத்திரிகை சொல்வதை நான் சமாதானமாக ஏற்க மாட்டேன். எதை முதலில் கண்ணில் படவைக்கிறாய் என்பதற்குப் பத்திரிகைதான் பொறுப்பு.

டெய்லி மெயில் அன்று தினமும் 15 லட்சத்துக்கு மேல் விற்ற ஏடு. தன் கையில் இருந்த பிரதியை மற்றப் பத்திரிகைகளுக்கும் அதுவே கொடுத்தது. போட்டிப் பத்திரிகைக்குத் தனிச்செய்தியைத் தூக்கிக் கொடுக்கும் வழக்கம் தொழிலில் கிடையாது. பரபரப்பை விற்பதைவிட, நாடு முழுக்க ஒரே நாளில் இந்தச் செய்தி பரவ வேண்டும் என்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வானொலி அப்போது குழந்தைப் பருவத்தில். சர்ச்சைக்குரிய அரசியலைத் தொட பி.பி.சி.க்கு அனுமதி இல்லை. மக்களுக்குப் பத்திரிகையை விட்டால் வேறு வழி கிடையாது.

ஒப்பந்தத்தையும் கேம்பல் வழக்கையும் வைத்து மூன்று வாரமாக வெறும் வாயை மென்றுகொண்டிருந்த பிரசாரத்துக்கு அவல் கிடைத்துவிட்டது. ‘பஞ்ச்’ வார இதழில், கழுத்தில் விளம்பரப் பலகை மாட்டிய ஒரு போல்ஷெவிக் லண்டன் தெருவில் நடந்து போகிறான். பலகையில் ‘மெக்டொனால்டுக்கும் எனக்கும் வாக்களியுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. டெய்லி மெயில் தலைப்பில் சொன்னதை இது படமாகப் போட்டது.

மறுப்பு எடுபடாமல் போன கதை

லண்டனில் சோவியத் பொறுப்புத் தூதராக இருந்தவர் கிறிஸ்டியன் ரகோவ்ஸ்கி. 25-ஆம் தேதியே, கடிதம் அப்பட்டமான போலி என்று பதில் அனுப்பினார். வெறுமனே மறுக்கவில்லை, காரணம் சொன்னார். கடிதத் தலைப்பில் ‘மூன்றாவது கம்யூனிஸ்ட் அகிலம்’ என்று இருக்கிறது. அப்படி ஒரு பெயரே கிடையாது, முதலாவது இரண்டாவது என்று கம்யூனிஸ்ட் அகிலங்கள் இருந்ததில்லையே. ஸினோவியேவ் செயற்குழுவின் தலைவர், எப்போதும் அப்படித்தான் கையெழுத்திடுவார். இதில் செயற்குழுத் தலைமைக்குழுவின் தலைவர் என்று போட்டிருக்கிறது. 27-ஆம் தேதி ஸினோவியேவே அறிக்கை விட்டார். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை போலி என்றார். செப்டம்பர் 15 அன்று தான் கிஸ்லோவோட்ஸ்கில் விடுமுறையில் இருந்ததாகவும், எந்த அலுவல் கடிதத்திலும் கையெழுத்திட்டிருக்க முடியாது என்றும் சொன்னார்.

சோதித்துப் பார்க்கக்கூடிய தகவல்கள் இவை. அலுவலகப் பெயர், பதவிப் பெயர், ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவர் இருந்த ஊர். ஆனால் யாரும் நின்று சோதிக்கவில்லை. உள்ளூர் அரசியல்வாதியைப் பற்றித் தவறாகப் போட்டால் அவர் அவதூறு வழக்குப் போடுவார், தொகுதியில் கூட்டம் போட்டுப் பேசுவார், பத்திரிகை முதலாளியை எங்காவது ஒரு விருந்தில் சந்திப்பார். மாஸ்கோவில் இருப்பவருக்கு இதில் எதுவும் கிடையாது. அவர் பேசினாலும் அது அயலான் பேச்சு. பிடிபட்டவன் மறுக்கத்தானே செய்வான் என்று மறுப்பையே சான்றாக எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு அதிகாரியின் பெயரை உள்நாட்டுச் சண்டையில் இழுப்பது பத்திரிகைக்கு இவ்வளவு வசதியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸினோவியேவ் அப்பாவி இல்லை. உலகப் புரட்சி கொமின்டர்ன் ஒளிக்காத கொள்கை; பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு அங்கிருந்து கட்டளைகளும் பணமும் போய்க்கொண்டுதான் இருந்தன. அது தனி அமைப்பு, அரசுக்குச் சம்பந்தமில்லை என்று மாஸ்கோ சொன்னதையும் யாரும் நம்பத் தேவையில்லை. ஸினோவியேவ் ஆளுங்கட்சியின் அரசியல் குழு உறுப்பினர், லெனின்கிராட் சோவியத்தின் தலைவர். போலி இவ்வளவு நன்றாக விலைபோனதற்குக் காரணமே, அவர் எழுதியிருக்கக்கூடிய மாதிரியே அது இருந்ததுதான்.

ஆனால் எழுதியிருக்கக்கூடியவர் என்பதும் எழுதினார் என்பதும் ஒன்றில்லை. இந்த வித்தியாசத்தைக் காப்பதுதான் பத்திரிகைக்கு வேலையே. உளவு அமைப்பே அதைக் கோட்டை விட்டது. கடிதம் உண்மை என்பதற்கு அதன் தலைவர் ஹியூ சின்க்ளேர் அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் அரசிடம் ‘மிக நல்ல ஐந்து காரணங்கள்’ எடுத்து வைத்தார். கடிதத்தில் இருப்பது கம்யூனிஸ்டுகள் எப்போதும் சொல்லி வருவதோடு ஒத்துப்போகிறது என்பது அவற்றில் ஒன்று. போலியாக இருந்தால் இதற்குள் நமக்கு ஆதாரம் கிடைத்திருக்கும் என்பது இன்னொன்று. தேர்ந்த உளவு அதிகாரிக்கே இது போதுமானதாக இருந்தது என்றால் ரொட்டியும் பாலும் வாங்கப் போன இடத்தில் தலைப்பைப் பார்த்த வாக்காளரை என்ன சொல்வது?

மெக்டொனால்டின் நிலை இன்னும் பரிதாபம். சனிக்கிழமை முழுக்கவும் ஞாயிறும் அவர் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை, 27-ஆம் தேதி, கார்டிஃபில் பேசினார். அதிகாரிகளைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, கடிதம் போலி என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை. இதெல்லாம் ஓர் அரசியல் சதியோ என்று சந்தேகப்படாமல் எப்படி இருக்க முடியும் என்ற மட்டில் நிறுத்திக்கொண்டார். போலி என்றால் உங்கள் அலுவலகம் ஏன் கண்டன ஓலை அனுப்பியது? உண்மை என்றால் இவர்களோடு ஏன் ஒப்பந்தம் போட்டீர்கள்? இரண்டு பக்கமும் இடி. சாக்கில் போட்டுத் தைத்துக் கடலில் வீசப்பட்டவன் போல இருந்தது என்று அவர் பிறகு சொன்னார்.

தேர்தலும் அதற்குப் பிறகும்

கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 412 இடங்கள். லேபர் 191-லிருந்து 151-க்கு இறங்கியது. லிபரல்கள் 158-லிருந்து 40-க்கு விழுந்தார்கள்.

கடிதம்தான் தோற்கடித்தது என்று லேபர் தொண்டர்கள் பல பத்தாண்டு நம்பினார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. லேபருக்குக் கிடைத்த வாக்குகள் முந்தைய தேர்தலைவிடச் சுமார் 10 லட்சம் கூடின. நொறுங்கியது லிபரல் கட்சி. பணமில்லாமல் 457-ஆக இருந்த வேட்பாளர் எண்ணிக்கையை 340 அளவுக்குக் குறைத்திருந்தது. அந்த வாக்குகளில் பெரும்பகுதி கன்சர்வேட்டிவ் பக்கம் போனது; அவர்களுக்கு 20 லட்சத்துக்கு மேல் கூடியது. வழக்கமாக வீட்டிலேயே இருந்துவிடும் சிலரைக் கடிதம் பயமுறுத்திச் சாவடிக்கு அனுப்பியிருக்கலாம். வாக்குப்பதிவு 71 சதவீதத்திலிருந்து 77 சதவீதமானது. ஆனால் 24-ஆம் தேதி கடிதம் வெளிவராமலே இருந்திருந்தாலும் கன்சர்வேட்டிவ் தலைவர் ஸ்டான்லி பால்ட்வின்தான் பிரதமராகியிருப்பார். இதை ஒப்புக்கொள்வதால் பத்திரிகையின் பொறுப்பு குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. பொய் பலித்ததா என்பது வேறு விஷயம்.

உண்மையான சேதம் வேறு இடத்தில். பால்ட்வின் அரசு ஒரு அமைச்சர் குழுவை வைத்துக் கடிதம் உண்மையே என்று முடிவு கட்டியது. நவம்பர் 21 அன்று புதிய வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லைன், ஒப்பந்தங்களை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப் போவதில்லை என்று ரகோவ்ஸ்கிக்கு எழுதினார். நான்கு மாதப் பேச்சுவார்த்தை குப்பைக்குப் போனது. அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று நாடாளுமன்றத்தில் நேர்மையாக ஒரு விவாதம் நடந்திருக்க வேண்டும். ஜார் காலக் கடன் என்ன ஆகும், உத்தரவாதம் தந்தால் பிரிட்டனின் ஏற்றுமதிக்கு எவ்வளவு லாபம், வேலையில்லாத் தொழிலாளிக்கு அதனால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்க வேண்டும். அதை எதிர்த்து வாதிட லிபரல்களிடமும் கன்சர்வேட்டிவ்களிடமும் உருப்படியான காரணங்கள் இருந்தன. அந்த வாதங்களுக்கு இடமே இல்லாமல் போனது.

அதே நவம்பரில் பிரிட்டனின் தொழிற்சங்கக் காங்கிரஸ் குழு ஒன்று ரஷ்யா போனது. கொமின்டர்ன் அலுவலகத்தில் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தது. இப்படி ஒரு கடிதம் போனதற்குத் தடயம் இல்லை, போலிதான் என்று திரும்பி வந்து எழுதியது. தொழிற்சங்கக்காரர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று அதையும் தள்ளிவிட்டார்கள். ரஷ்யர்கள் காட்டியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள் என்பது நியாயமான குறைதான்.

முழு ஆவணங்களையும் பார்த்து எழுதும் வாய்ப்பு வர 1999 ஆகிவிட்டது. லேபர் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் கேட்டுக்கொண்டபடி, வெளியுறவு அலுவலகத்தின் தலைமை வரலாற்றாளர் கில் பென்னட் உளவுத்துறைக் கோப்புகளையும் மாஸ்கோ காப்பகங்களையும் பார்த்து அறிக்கை கொடுத்தார். கடிதம் ஸினோவியேவ் எழுதியதில்லை. பெரும்பாலும் போல்ஷெவிக்குகளுக்குத் தப்பி வந்த வெள்ளை ரஷ்யர்களின் வட்டத்தில் தயாராகி ரீகா வழியாக வந்திருக்க வேண்டும். பத்திரிகைக்குக் கசிந்தது உளவு வட்டாரத்தில் கன்சர்வேட்டிவ் தொடர்புள்ளவர்கள் வழியாக இருக்கலாம். ஆனால் உளவு அமைப்பு ஓர் அமைப்பாகக் கூடிச் செய்த சதி என்பதற்குச் சான்று இல்லை. கையைப் பிடித்து இவன்தான் என்று காட்டும் அளவுக்கு அவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த அறிக்கையை ஸினோவியேவ் பார்க்கவில்லை. 1936 ஆகஸ்டில், செய்யாத சதிகளை ஒப்புக்கொள்ள வைத்த மாஸ்கோ விசாரணைக்குப் பிறகு ஸ்டாலின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. ரகோவ்ஸ்கியை 1941-ல் சுட்டார்கள். க்ரோ, கடிதம் வெளியான ஆறே மாதத்தில், 1925 ஏப்ரலில் இறந்துபோனார்.

பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே உறவு கெட்டுக்கொண்டே வந்து, 1927-ல் லண்டனில் இருந்த சோவியத் வணிக நிறுவனத்தில் காவல்துறை சோதனை போட்ட கையோடு முறிந்தது. 1929-ல் மெக்டொனால்ட் மறுபடி பிரதமரானார். அந்த ஆண்டே தூதரக உறவு திரும்பியது. இந்த முறை அவர் வெளியுறவுத் துறையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை, ஆர்தர் ஹெண்டர்சனிடம் கொடுத்தார். 1930 ஏப்ரலில் ஒரு தற்காலிக வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது.